ஓடைக்கு முன்னால் நிற்கத் தெரிந்த கிரேஸ் ஆன்ட்டி

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுதுவதுதான் மரியாதை என்று அம்மா சொன்னாள். ஆனால் இதைக் கேட்கப்போகும் நீங்கள் எல்லோரும் கிரேஸ் ஆன்ட்டியை அறிந்தவர்கள். பேசும்போது அவர் நம் கண்ணைப் பார்க்காமல் பல்லைப் பார்ப்பார் என்பதும், யாரையும் இரண்டு முறை பாராட்ட மாட்டார் என்பதும், சாலையின் நடுக்கோடு தன் காருக்காகவே போடப்பட்டது என்று நம்பினார் என்பதும் உங்களுக்குத் தெரியும். இவற்றை விட்டுவிட்டால் நான் எழுதுவது வேறு யாரோ ஒரு பல் டாக்டரைப் பற்றியதாகிவிடும். அதனால் எல்லாவற்றையும் உண்மையாக எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை பிற்பகல் செய்தி வந்தது. நகரத்தின் பழைய கோட்டைக்குள் இருக்கும் எங்கள் வீட்டின் நடையில் அப்பா உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஆட்டத்துக்காக, கோல்ஃப் காலணியின் அடியில் காய்ந்திருந்த செம்மண்ணைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டிக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. ஆன்ட்டியின் கிளினிக்கில் அவரோடு வேலை பார்த்த ரீனா டாக்டர்தான் பேசினார். அப்பா "ஆங்", "ஷரி", "ஷரி" என்றார். வைத்துவிட்டு அதே காலணியைத் திரும்பவும் தேய்க்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"யாருன்னா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"கிரேஸ் டாக்டர் போய்ட்டார்டி" என்றார் அப்பா. "காய்ச்சல் நெஞ்சுல இறங்கிடுத்தாம்."

ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. புதன்கிழமை நாங்கள் போய்ப் பார்த்தபோது, மூக்கில் குழாயோடு, எனக்கு ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்து, "உனக்கு ஞானப்பல் முளைக்குது, வலி வந்தா ரீனாகிட்ட போ" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி எனக்கல்ல, அவருக்கு. அவசரத்தில் தவறாக எழுதிவிட்டேன், அடிக்காமல் விடுகிறேன். கேட்டால் அவர் சிரித்திருப்பார்.

நினைவுக் கூட்டத்தில் வாசிப்பதற்காக எழுதித் தரும்படி ரீனா டாக்டர் என்னிடம் கேட்டார். கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கோல்ஃப் கிளப்பைச் சேர்ந்தவர்கள், பாதிப்பேர் நோயாளிகள், சிலர் இரண்டும். நோயாளிகளாக மட்டும் இருப்பவர்களுக்காக நான் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வித்துரா போகும் வழியில், ஒரு பழைய எஸ்டேட்டின் சரிவில் எங்கள் கிளப் இருக்கிறது. ஒன்பது குழிகள் மட்டுமே உள்ள சிறிய மைதானம். ஒரு பக்கம் ரப்பர் மரங்கள், குறுக்கே ஓர் ஓடை, மேலே பொன்முடிப் பக்கத்து மூடுபனி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆன்ட்டி தம்பானூரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு முனைக்கு வருவார். அப்பா முன்னால் ஏறுவார், நான் புத்தகத்தோடு பின்னால். நெடுமங்காடு தாண்டும்வரை நான் புத்தகத்தைத் திறக்க மாட்டேன், பயம்தான் காரணம். எதிரே பஸ் வரும்போதெல்லாம் அப்பா இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்துவார்.

"டாக்டர், அவன் பெரிய வண்டியாக்கும்."

"அவனுக்கும் கண்ணு இருக்குல்லா சாமி" என்பார் ஆன்ட்டி. களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வந்தவர். அப்பாவை அவர் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, 'சாமி'தான். என்னை 'மக்களே' என்பார், அவர் ஊரில் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இப்படி ஓட்டுகிறவர் மைதானத்தில் காலை வைத்ததும் வேறு ஆளாகிவிடுவார். மற்றவர்கள் பந்தை அடித்துவிட்டு யோசிப்பார்கள். அவர் யோசித்து முடித்துவிட்டு அடிப்பார். பந்துக்குப் பின்னால் நின்று ஒரு முறை பார்ப்பார். குழியில் நட்டிருக்கும் கொடியைப் பார்க்க மாட்டார். கொடிக்கு எந்தப் பக்கம் பள்ளம், எந்தப் பக்கம் அகலமான புல் என்று பார்ப்பார். பிறகு அகலமான பக்கத்துக்கு அடிப்பார். "எங்ஙன விழணும்னு எல்லாரும் பாக்குதான். எங்ஙன விழப்படாதுன்னு மொதல்ல பாக்கணும்" என்று அப்பாவிடம் சொல்வார். அவருடைய பந்து தூரம் போகாது. ஆனால் தேட வேண்டியிருக்காது.

நான்காம் குழியில் ஓடை குறுக்கிடுகிறது. பலமாக அடித்தால் ஒரே அடியில் தாண்டலாம். அப்பா ஒவ்வொரு வாரமும் தாண்டப் பார்ப்பார். ஆன்ட்டி ஒவ்வொரு வாரமும் ஓடைக்கு இப்பால் பந்தை நிறுத்திவிட்டு, அடுத்த சின்ன அடியில் தாண்டுவார். கிளப்பில் அதற்காக அவரைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. குறிப்பாகக் குறுப்பு சார். "டாக்டரே, இன்னும் பேடிச்சு பேடிச்சு தன்னெ அல்லே களி?" என்று ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவார். இன்றைக்கும் பயந்து பயந்துதானா ஆட்டம் என்று அர்த்தம்.

"பயம்தான், குறுப்பே" என்று ஆன்ட்டி ஒத்துக்கொள்வார். "என் பந்து காஞ்சிருக்கு. உம்ம பந்து எங்ஙன?"

அப்பாவிடம் அவர் சொன்னது வேறு. அப்பாவின் பந்து தண்ணீரில் விழுந்த ஒரு நாள், அப்பா மட்டையைத் திட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "சாமி, அந்த ஓடை போன வாரமும் அங்ஙனதான் கெடந்தது. அடுத்த வாரமும் கெடக்கும். நீரு எதுக்கு அதுகூட வழக்குக்குப் போறீரு?"

"இந்த மட்டையால நான் நூத்தைம்பது கஜம் அடிப்பேன் டாக்டர். அதாக்கும் எனக்கு ஆத்திரம்."

"அது நீரு உம்ம ஆயுசில ஒரு தடவை அடிச்சது. காத்து பின்னால இருந்திருக்கும். எப்பமும் அடிக்கிற தூரம் எவ்வளவு, அதைச் சொல்லும்."

அப்பா மட்டையைப் பையில் செருகினார். காரில் திரும்பி வரும்போது, நெடுமங்காட்டுக்கு அருகில், "நூத்திருபது இருக்கும்" என்றார். ஆன்ட்டி சாலையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்து, "இப்பம்தான் நீரு கோல்ஃப் ஆடத் தொடங்கியிருக்கீரு" என்றார். எதிரே ஒரு லாரி வந்துகொண்டிருந்தது.

ரப்பர் மரங்களுக்குள் நடந்ததையும் எழுத வேண்டும். அப்பாவின் பந்து ஒரு முறை மரவரிசைக்குள் போய்விட்டது. இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு சந்து, அதன் வழியே தூரத்தில் கொடி தெரிந்தது. பக்கவாட்டில் தட்டி வெளியே எடுத்தால் ஓர் அடி வீணாகும், அவ்வளவுதான். "சவத்த விடும் சாமி. வெளிய தள்ளிட்டு வாரும்" என்றார் ஆன்ட்டி. தவறான அடிக்குப் பிறகு அவர் எப்போதும் சொல்லும் சொல் அது. தன் தவறுக்கும் அதையேதான் சொல்லிக்கொள்வார். அப்பா கேட்கவில்லை. சந்துக்குள் அடித்தார். பந்து முதல் மரத்தில் கட்டியிருந்த பால் சிரட்டையில் மோதியது. சிரட்டை உடைந்து ரப்பர் பால் முழுவதும் அப்பாவின் சட்டையில். பந்து துள்ளி இன்னும் உள்ளே போய்விட்டது.

ஆன்ட்டி சிரிக்கவில்லை. "ஒரு தப்பு பண்ணினா அதுக்கு வெலை ஒரு அடி. அதைக் கொடுக்க மனசில்லாம இருந்தா மூணு அடி" என்று மட்டும் சொன்னார். சட்டை காய்ந்து அட்டையைப் போல விறைத்துப்போனது. காரில் ஏறிய பிறகு, சாவியைப் போட்டுவிட்டு, திருப்பாமல், ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். நெடுநேரம் சிரித்தார். கடைசியில் அப்பாவும் சிரித்தார். வீட்டில் அம்மா சிரிக்கவில்லை. அந்தச் சட்டை தீபாவளிக்கு எடுத்தது.

எங்கள் கிளப்பில் ஓணத்துக்கு முன்னால் ஒரு ஜோடி ஆட்டம் நடக்கும். ஒரு ஆண், ஒரு பெண், இருவருக்கும் ஒரே பந்து. ஒருவர் அடித்த இடத்திலிருந்து மற்றவர் அடிக்க வேண்டும், மாறி மாறி. ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை கிடையாது, எஸ்டேட்டில் விளைந்த ஒரு நேந்திரங்குலை, ஒரு முழு வாழைத்தார். அப்பாவும் ஆன்ட்டியும்தான் எப்போதும் ஜோடி. அம்மாவுக்கு வெயிலும் பிடிக்காது, மழையும் பிடிக்காது. இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜோடியில் ஒருவர் மற்றவரிடம் மன்னிப்புக் கேட்கக்கூடாது. எவ்வளவு மோசமான இடத்தில் பந்தைப் போட்டுக் கொடுத்தாலும் 'சாரி' என்ற சொல் வரக்கூடாது. வந்தால் எதிர்த்தரப்புக்கு டீ வாங்கித் தர வேண்டும். ஏன் இப்படி என்று ஆன்ட்டியிடம் கேட்டேன். "சாரி சொன்னா அடுத்தவன் 'பரவாயில்ல'ன்னு சொல்லணும். ரெண்டு பேருக்கும் பந்தை மறந்துபோகும்" என்றார்.

இனி எழுதப்போவது போன வருஷத்து ஆட்டத்தைப் பற்றி.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு பல் சொத்தைக்காக நான் தம்பானூர் கிளினிக்குக்குப் போயிருந்தேன். லாட்ஜுக்கு மேலே, மாடியில், ஜன்னலைத் திறந்தால் ரயில் அறிவிப்பு கேட்கும் அந்த அறை உங்களுக்குத் தெரியும். ஆன்ட்டி என்னைச் சாய வைத்து, விளக்கைத் திருப்பி, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் கொண்டுவந்தார். அது என் பல்லில் மெல்ல டிக் டிக்கென்று தட்டியது. நான் அவர் கையைப் பார்த்தேன். அவரும் தன் கையைப் பார்த்தார். கண்ணாடியை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தார். "ரீனா, இந்தப் பிள்ளையை நீ பாரு. என் கை இன்னைக்குச் சரியில்ல" என்றார். சாதாரணமான குரல்தான். ரீனா டாக்டர் சாதாரணமாகவே வந்து உட்கார்ந்தார். இது முதல் தடவை அல்ல என்று எனக்குப் புரிந்தது. நான் வீட்டில் சொல்லவில்லை. அவருடைய கை, அவர்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

ஆட்டத்தன்று காலை, காரில், அவரே சொன்னார். பேரூர்க்கடையைத் தாண்டியிருந்தோம்.

"சாமி, ஒரே பந்து ஆடுற ஆளுகிட்ட மறைக்கப்படாது. என் வலது கை ஆடுது. டாக்டர்கிட்ட காட்டியாச்சு. மருந்து இருக்கு, ஆனா இது போகாதாம்."

அப்பா இல்லாத பிரேக்கை அழுத்தவில்லை.  "அப்போ இன்னிக்கு வேண்டாம், திரும்பிடலாம்" என்றார்.

"எதுக்கு? தூரத்துல இருந்து அடிக்கிறது ஒண்ணும் பிரச்சினையில்ல. அது தோளு பாத்துக்கும். குழிக்குப் பக்கத்துல, சின்னத் தட்டு தட்டணும்னு நின்னாத்தான் கை டான்ஸ் ஆடுது. எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சா என்ன டாக்டர்? நம்ம மனுஷாதானே."

"நம்ம மனுஷங்க வாயிலதான் நான் இத்தனை வருஷம் டிரில் வச்சிருக்கேன்" என்றார் ஆன்ட்டி. "கிளப்புல பாதிப்பேருக்கு இப்பமும் பாதி வேலையில நிக்குது. கை ஆடத் தொடங்கினதிலருந்து நான் ஒருத்தர் வாயிலயும் டிரில் வைக்கல, எல்லாம் ரீனாதான். ஆனா அதை நான் சொல்லணும். ஒவ்வொருத்தரா, போன் பண்ணி. அதுக்கு முன்ன இவங்க கண்ணால பாத்து, டீ குடிச்சிட்டுப் பேசினா, நான் ஆடுற கையை வச்சு வருஷக்கணக்கா அவங்க பல்லைத் துளைச்சேன்னு ஆயிரும். பின்னே நான் என்ன சொன்னாலும் எடுபடாது."

நான் அப்பாவின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையை ஆட்டினார். "அப்போ உங்களைக் குழிகிட்டக்க நிக்க விடமாட்டேன். அவ்வளவுதானே?"

"அதைத்தான் சொல்லுதேன்."

அன்றைக்குத்தான் அப்பா யோசித்து ஆடுவதை முதன்முதலாகப் பார்த்தேன். சின்னத் தட்டு தன் பங்குக்கே வருமாறு ஒவ்வொரு அடியையும் அவர் முன்கூட்டியே எண்ணினார். சில இடங்களில் குழிக்கு அருகே போகக்கூடிய பந்தை வேண்டுமென்றே தூரத்தில் நிறுத்தினார். நான்காம் குழியில், ஓடைக்கு முன்னால் நின்றார். குறுப்பு சார் பார்த்துவிட்டு, "என்டம்மோ! சுவாமியும் பேடிச்சோ?" என்று தன் மனைவியிடம் சொன்னார். அப்பாவின் காது சிவந்தது. அப்பாவுக்குத் தோற்பது பிடிக்காது. அதைவிட, கேலி செய்யப்படுவது பிடிக்காது. ஆனாலும் பந்து ஓடைக்கு இப்பால்தான் நின்றது.

எட்டுக் குழிகள் முடிந்தபோது குறுப்பு சார் ஜோடியும் நாங்களும் சமமாக இருந்தோம். ஆட்டம் முடிந்தவர்கள் எல்லோரும் கிளப் வராந்தாவில் டீயோடு வந்து நின்றுவிட்டார்கள். ஒன்பதாம் குழி வராந்தாவுக்கு நேர் முன்னால். அங்கே எது நடந்தாலும் எல்லோரும் பார்க்கலாம்.

ஆன்ட்டி முதலில் நேராக அடித்தார். அப்பாவின் அடி வலப்பக்கம் விலகி ரப்பர் மரங்களுக்குள் போனது. ஆன்ட்டி மரச்சந்துகளைப் பார்க்கக்கூட இல்லை. பக்கவாட்டில் வெளியே எடுத்துப் போட்டார். இப்போது அப்பாவின் முறை. முன்னால் கண்ணுக்கு நேராகக் கொடி, தடை ஒன்றும் இல்லை. குறுப்பு சார் தரப்பு ஒரு பந்தைத் தொலைத்து அடிகளை விரயம் செய்திருந்தது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டியிருக்கும் புல்தளத்தில் அப்பா பந்தைக் கொண்டுபோய் நிறுத்தினால் யாரும் அதைத்தான் சரி என்பார்கள். ஆனால் அடுத்த அடி ஆன்ட்டியுடையது. அது சின்னத் தட்டாக இருக்கும்.

அப்பா பையிலிருந்து ஒரு மட்டையை எடுத்தார், திரும்ப வைத்தார், சிறியதொன்றை எடுத்தார். பந்து தளத்துக்கு வெகு முன்னால், சாதாரணப் புல்லில் விழுந்து நின்றது. வராந்தாவில் ஒரே சிரிப்பு. "சுவாமிக்கு சோறு போராஞ்ஞோ?" என்று யாரோ கத்தினார்கள். சோறு போதவில்லையா என்று கிண்டல். தவறி அடித்துவிட்டதாகத்தான் அத்தனை பேரும் நினைத்தார்கள். அப்பா வராந்தாவின் பக்கம் திரும்பி, தலையைக் குனிந்து, ஏதோ நாடகத்தில் நடிகர் செய்வதுபோல் வணக்கம் வைத்தார். கூட நடந்துகொண்டிருந்த எனக்கு மட்டும், ஆன்ட்டி மெல்லச் சொன்னது கேட்டது. "நல்ல இடம் சாமி."

அங்கிருந்து அவர் இரண்டு கைகளையும் விறைப்பாக வைத்து, தோளால் வீசினார். பந்து உருண்டு வந்து குழிக்கு ஒரு கை நீளத்தில் நின்றது. குறுப்பு சார் ஜோடி ஏற்கெனவே முடித்திருந்தது, அப்பா அதை உள்ளே தட்டினால் ஓர் அடியில் வெற்றி. எல்லாம் நினைத்தபடியே நடந்திருந்தது.

அப்பா அதைத் தவறவிட்டார். உள்ளே போட்டாக வேண்டும் என்ற பதற்றத்தில் பலமாகத் தட்டிவிட்டார். பந்து குழியின் ஓரத்தைத் தாண்டி, மறுபக்கச் சரிவில் இறங்கி, கிட்டத்தட்ட அதே தூரத்தில் நின்றது. இனி ஆன்ட்டி. போட்டால் சமம். போடாவிட்டால் தோல்வி. இடம், குழிக்குப் பக்கம். பார்க்க, முழு வராந்தா.

அப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. வாயைத் திறந்தார்.

"மூடும்" என்றார் ஆன்ட்டி. "தொழிலுக்கு வந்த நாளிலருந்து ஒரு ஆளுகிட்ட வாயை மூடச் சொல்லுறது இதுதான் மொத தடவை. மூடும்."

அவர் மட்டையைப் பிடித்துக்கொண்டு பந்தின் முன்னால் நின்றார். மட்டையின் முனை புல்லுக்கு மேலே நடுங்கியது. அவர் பின்வாங்கி, மறுபடி நின்றார். மறுபடியும் நடுங்கியது. வராந்தாவில் பேச்சு நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற குறுப்பு சார் அந்தக் கையைப் பார்த்தார். குரலில் கேலி இல்லாமல், "மதி டாக்டரே. எடுத்தோளூ" என்றார். போதும், பந்தை எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே போனதாகவே வைத்துக்கொள்கிறேன் என்று விட்டுக்கொடுத்தார். எதிராளி அப்படி விட்டுக்கொடுப்பது விதிப்படி சரிதான். எடுத்திருந்தால் ஆட்டம் சமம், யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காமலே பேசியிருப்பார்கள்.

ஆன்ட்டி குறுப்பு சாரைப் பார்த்தார். பிறகு வராந்தாவைப் பார்த்தார். அவர் பந்துக்குப் பின்னால் நின்று எந்தப் பக்கம் விழக்கூடாது என்று பார்க்கும் அதே பார்வை.

"நன்றி குறுப்பே. நான் அடிச்சுக்கிடுதேன்."

பையிடம் போனார். சின்னத் தட்டுக்கான மட்டையை உள்ளே வைத்துவிட்டு, சற்று முன் தூரத்திலிருந்து வீசினாரே, அந்த இரும்பு மட்டையை எடுத்தார். கை நீளத் தூரத்துக்கு அதை யாரும் எடுக்க மாட்டார்கள். கால்களை அகட்டி, முழங்கைகளைப் பூட்டி, விரல்களுக்கு வேலையே கொடுக்காமல், தோளை மட்டும் கொஞ்சம் அசைத்தார். பந்து நேராகப் போனது. குழியின் விளிம்பில் ஏறி, ஒரு கணம் உள்ளே பார்த்துவிட்டு, அங்கேயே நின்றுவிட்டது.

"தீர்மானம் சரிதான்" என்றார் ஆன்ட்டி. "பந்து கேக்கல."

குனிந்து பந்தை எடுத்தார். வராந்தாவுக்கு நடந்தார். படியில் ஏறாமல் கீழேயே நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"பாத்தாச்சுல்லா? கை ஆடுது. இனி நிக்காது. அடுத்த மாசத்தோட கிளினிக்கை ரீனாகிட்ட கொடுக்கிறேன். இது தொடங்கின நாளிலருந்து உங்க யாரு வாயிலயும் நான் டிரில் வைக்கல. சந்தேகம் இருந்தா இப்பமே கேளுங்க. என் முதுகுக்குப் பின்னால கேட்டா எனக்கு பதில் சொல்ல முடியாது."

  குறுப்பு சார்தான் முதலில் பேசினார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"போன மாசம் எனிக்கு வேர் அடைச்சதோ, டாக்டரே?"

"ரீனா அடைச்சா."

"டாக்டர் அல்லே அவிடெ நின்னது?"

"நின்னேன். தலைமாட்டுல நின்னு பேசிட்டிருந்தேன். அவதான் செய்தா. நீரு கண்ணை இறுக்கி மூடிட்டு சாமியைக் கும்பிட்டுட்டிருந்தீரு, யாரு கைன்னு எப்படித் தெரியும்?"

முதலில் சிரித்தது குறுப்பு சாரின் மனைவி. "சத்யமாணு!" என்றார். பிறகு எல்லோரும். ஒருவர் தன் பல்லைப் பற்றிக் கேட்டார், இன்னொருவர் கேட்டார். ஆன்ட்டி ஒவ்வொருவருக்கும் எப்போது, எந்தப் பல், யார் செய்தது என்று மனத்திலிருந்தே சொன்னார். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவர் உட்காரவில்லை. நேந்திரங்குலை குறுப்பு சாருக்குப் போனது. நாங்கள் காருக்கு வந்தபோது பின் இருக்கையில், என் புத்தகத்தின்மேல், அந்தக் குலையிலிருந்து வெட்டிய ஒரு பெரிய சீப்பு இருந்தது.

திரும்பும் வழியில் அப்பா, "நான் மெதுவாத் தட்டியிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"டீ வாங்கித் தரணும் பாத்துக்கிடும்" என்றார் ஆன்ட்டி. 

அதன்பிறகும் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். காரை மட்டும் அப்பாவிடம் கொடுத்துவிட்டார். தன் கையில் இன்றைக்கு என்ன அடி இருக்கிறதோ அதை மட்டும் ஆடினார். நேற்று இருந்ததைப் பற்றிப் பேசியதில்லை. அடி குறையக் குறைய முதலில் ஆறு குழி, பிறகு மூன்று குழி, பிறகு வராந்தாவில் டீ. பரிதாபப்பட்டு யாராவது பேச்சை மெதுவாக்கினால் அவர்கள் பல்லைப் பார்ப்பார். அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

இவ்வளவு எழுதிய பிறகு, அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்ளப்போகிறேன் என்று யோசித்தேன். அவர் சொன்னவை பல நினைவிருக்கின்றன, ஆனால் அவை கிளப்பில் எல்லோருக்கும் சொந்தம். எனக்கென்று வைத்துக்கொள்வது, கிளினிக்கை ஒப்படைத்த நாளின் சாயங்காலம்.

அன்றைக்குக் கடைசி நோயாளி அப்பாதான். ஓடையைக் கண்டு பயப்படாத அப்பா, பல் நாற்காலியைக் கண்டு பல வருஷங்களாக ஓடிக்கொண்டிருந்தார். ஆன்ட்டியின் கடைசி நாள் என்பதால் வேறு வழியில்லாமல் வந்தார். ரீனா டாக்டர் ஊசி போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார். ஆன்ட்டி நாற்காலிப் பக்கம் போகவில்லை. வெளியே நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கதவு திறந்திருந்தது. அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. அவர் உடம்பு முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. விளக்கு சரியான கோணத்தில் இல்லை என்று எனக்கே தோன்றியது. அவருக்குத் தோன்றாமல் இருந்திருக்காது. அவர் எழுந்திருக்கவில்லை. ரீனா டாக்டரே சற்றுப் பொறுத்து விளக்கைத் திருப்பினார்.

முடியும் தறுவாயில் ரீனா டாக்டர் தலையை உயர்த்தி, "டாக்டர், ஒண்ணு நோக்கணோ?" என்று கேட்டார். வந்து ஒரு முறை பார்க்கிறீர்களா என்று.

எழுந்து நாலடி நடந்தால் போதும். அவர் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மடியில் அவருடைய இரண்டு கைகளும் இருந்தன. வலது கை ஆடிக்கொண்டிருந்தது, இடது கை அதன்மேல், பிடிக்காமல், சும்மா இருந்தது.

"வேண்டாம் மக்களே" என்றார் ஆன்ட்டி. "நீ பாத்தாப் போதும்."

ரீனா டாக்டர் குனிந்து தன் வேலையைத் தானே ஒரு முறை பார்த்துக்கொண்டார். அப்பா மரத்துப்போன வாயோடு வெளியே வந்து ஏதோ சொன்னார், யாருக்கும் புரியவில்லை. கருவிகளைக் கழுவி வைத்தார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள். பிறகு விளக்குகளை அணைத்தார்கள்.